சைட் வேலையை விடத் துடிக்கும் மகன்: ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

சிவில் படித்து சைட் இன்ஜினியராகச் சேர்ந்த மகன், இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில் 'வேலையை விட்டுவிட்டு ஐ.டி. கோர்ஸ் சேர்கிறேன்' என்கிறான், படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று கலங்கி எழுதியிருக்கிறீர்கள். விடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம். அவனுக்கு வெறுத்துப்போனது வேலையா, வேலை பார்க்கும் இடமா? முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959-ல் சொன்னது இன்றைக்கும் உதவும். சம்பளம், மேலதிகாரி, வேலைச் சூழல் சரியில்லை என்றால் மனம் வெறுக்கும். ஆனால், அவை சரியாகிவிட்டால் மட்டும் வேலையில் பிடிப்பு வந்துவிடாது. பிடிப்பைத் தருவது செய்து முடித்த நிறைவும், அதற்குக் கிடைக்கும் பாராட்டும், பொறுப்பும்தான்.

கட்டுமானத் துறையில் முதல் வகைக் குறைகள் ஏராளம். மதியம் வர வேண்டிய ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட்) லாரி இரவு வரும். கான்கிரீட் முடியும்வரை பையன் நகர முடியாது. ஞாயிறும் வேலை நாள். பில் பாஸ் ஆகவில்லை என்று சம்பளம் தள்ளிப்போகும். தப்பு நடந்தால் மட்டும் இன்ஜினியர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஸ்லாப் நன்றாக வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. இளம் இன்ஜினியர்களை அதிகம் நோகடிப்பது இதுதான் என்பது என் எண்ணம். இதற்கெல்லாம் கம்பெனி மாறினாலே பாதி தீரும்.

அடுத்த முறை போன் செய்யும்போது சைட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எம்25 தரக் கான்கிரீட்டில் வார்த்த க்யூப் (வலிமை பார்க்கும் சோதனைக் கட்டி) 28-ம் நாள் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டனைத் தாண்டியதைக் குரல் உயர்த்திச் சொல்கிறானா? கம்பி கட்டியதில் இடைவெளி தப்பு என்று பிரித்துக் கட்ட வைத்ததைச் சொல்கிறானா? அப்படியென்றால் சிவில் அவனுக்குப் பிடித்திருக்கிறது. பிளானிங், பில்லிங், டிசைன் என்று அலுவலகப் பக்கமும் இதே துறையில் வேலை உண்டு. கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக். போகலாம், டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் பொறியாளர் ஆகலாம்.

எதைக் கேட்டாலும் 'ம்' என்று முடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் விஷயம் மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறான் என்றால் தடுக்காதீர்கள், போகட்டும்.

எந்தப் பக்கம் போனாலும், அடுத்த இடம் உறுதியாகும்வரை ராஜினாமா வேண்டாம். கிளம்பும்போது சம்பளச் சீட்டுகளையும் அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.