களப்போரமும் காட்டோரமும் சைக்கிளில்: திருகோணமலைக் கேள்வி பதில்

கடற்கரை, களப்பு (கடலோரக் காயல்), வயல், காடு எல்லாவற்றையும் ஒரே காலையில் தொட்டுவிடக்கூடிய மாவட்டம் எங்களுடையது. வாகனத் தொல்லை இல்லாத கிறவல் (சரளை மண்) பாதைகளில் சைக்கிள் ஓட விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒன்றையே பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, வெளிநாட்டு வீடியோக்களில் சதுப்பு நிலத்துக்கு நடுவே சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். திருகோணமலையில் அப்படி எங்கே இருக்கிறது? (கொழும்பு)

எங்கேயும் இல்லை, தம்பி. இங்கே இருப்பவை குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், உப்பள வரம்பு, மீன்வாடிக்குப் போகும் மணல் ஒழுங்கை, மாட்டுப்பட்டிக்குப் போகும் தடம். இவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டால் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளமாகப் போதும். நடுவில் கொஞ்சத் தூரம் தார் ரோட்டில் ஏறத்தான் வேண்டிவரும்.

ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றோ நேற்றோ மோட்டார் சைக்கிளோ மாடோ ஆளோ போன தடம் தெரிகிற வழியில் போங்கள். புழக்கம் இல்லாத வழி எவ்வளவு வடிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். சேறு, யானை, மிதிவெடி எதைப் பற்றிக் கேட்டாலும் நான் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பேன்.

முதல்முறை ஓடுபவருக்கு எந்தப் பக்கம் நல்லது? (உப்புவெளி)

நிலாவெளிப் பக்கம். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நிலாவெளிக்கு மேற்கே பெரியகரச்சிக் களப்பு, கிழக்கே கடல். புல்மோட்டை ரோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒழுங்கைகள் பிரியும். நிலம் முழுக்கச் சமம். கியர் மாற்றுகிற வேலையே அதிகம் இல்லை. இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்த் திரும்பினாலே முதல் நாளுக்குச் சரி. பழகியபிறகு கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று நீட்டிக்கொள்ளலாம். உப்பள வரம்புகளில் ஏறுவதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்களுடைய வேலைத்தளம். பாத்தியின் ஓரம் உடைந்தால் நட்டம் அவர்களுக்கு. புரட்டாதியிலிருந்து பங்குனி வரை வலசைப் பறவைகள் இருக்கும், தூரத்திலேயே நின்று பாருங்கள்.

சதுப்பில் ஓடும்போது வற்று, பெருக்கு நேரம் பார்க்க வேண்டுமா? எந்த மாதம் சரி? (லண்டனிலிருந்து வரவிருப்பவர்)

நல்ல கேள்வி. இங்கிலாந்துக் கரையில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும், அதனால் அங்கே நேர அட்டவணை இல்லாமல் சதுப்பில் கால் வைக்க முடியாது. எங்கள் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. களப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும், முகத்துவாரத்து மணல்திட்டு மூடியிருக்கிறதா வெட்டியிருக்கிறதா என்பதும்தான். ஆகவே மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், மாதத்தைப் பாருங்கள்.

ஐப்பசி நடுவிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது களப்போரத் தடங்கள் பாதி தண்ணீருக்குள் கிடக்கும், மீதி சேறு. மாசி, பங்குனியில் தண்ணீர் வடியத் தொடங்கும். எல்லாம் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. என்னைக் கேட்டால் இதுதான் காலம். வைகாசிக்குப் பிறகு தடங்கள் கல்லாகக் காய்ந்துவிடும், ஆனால் கச்சான் காற்று அனலாக வீசும். அந்த மாதங்களில் காலையில் மேற்கே, காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, களைத்தபிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்புங்கள். மாறிச் செய்கிறவர்கள் பத்து மணி வெயிலில் படுகிற பாடு பாவம்.

இன்னொன்று. கோடையில் களப்பின் ஓரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துத் தரைபோல இருக்கும். மேலே பொருக்கு, அடியில் கறுப்புச் சேறு. உமரிப்பூண்டு சிவந்து படர்ந்த இடத்தோடு நின்றுவிடுங்கள். கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் குச்சிகுச்சியாக நிற்கிற இடத்துக்குள் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. அது இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற இடம்.

கிறவல் பைக் வாங்க வசதியில்லை. வீட்டில் அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் நிற்கிறது. அதில் ஓட முடியுமா? (மூதூர்)

தாராளமாக. கிறவல் பைக்கில் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் போடுகிறார்கள். அப்பாவின் பெரிய சைக்கிளில் 28க்கு ஒன்றரை இஞ்சி டயர் என்றால் அதுவும் 38 மில்லிமீட்டர்தான்! பையன்களின் மவுண்டன் பைக்கில் 1.95 இஞ்சி, அதாவது கிட்டத்தட்ட 50. மணலுக்கு அதுவே மேல். பெரிய சைக்கிளில் குறை என்றால் பிரேக். பிரேக் கட்டையை மாற்றி, செயினை இறுக்கி, பின்சில்லு ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முதலில் ஓடிப் பாருங்கள், பிடித்தால் பிறகு காசு சேர்க்கலாம்.

காற்று அழுத்தம்தான் பலர் கவனிக்காத விஷயம். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில், டியூப் இருந்தால், கிறவலுக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். கடையில் கல்லுப்போல அடித்துத் தருவார்கள், கொஞ்சம் இறக்கிவிடுங்கள். டியூப் இல்லாத டயரும் உள்ளே அடைப்புத் திரவமும் உள்ளவர்கள் 30க்கும் கீழே போகலாம். டியூபோடு அவ்வளவு இறக்கினால் கல்லில் ஏறும்போது டியூப் நசிந்து இரண்டு ஓட்டை விழும். நெருஞ்சி முள்ளும் இலந்தை முள்ளும் எல்லா இடத்திலும் உண்டு, ஆகவே ஒரு மாற்று டியூப், ஒட்டு, சிறு பம்ப் இல்லாமல் ஒழுங்கைக்குள் இறங்காதீர்கள்.

தம்பலகாமம் பக்கம் எப்படி? (கிண்ணியா)

உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்கள் அவை. வாய்க்கால் ஓரக் கிறவல் பாதைகள் நன்றாக இருக்கும். தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயில் வரை போய், அங்கிருந்து தம்பலகாமக் குடாவின் கண்டல் ஓரமாகத் திரும்பலாம். அறுவடைக் காலத்தில் மட்டும் உழவு இயந்திரத்துக்கும் வெட்டு இயந்திரத்துக்கும் வழிவிட்டு இறங்கி நில்லுங்கள். நாங்கள் உலாத்துகிறோம், அவர்கள் வேலை செய்கிறார்கள்.

யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? (பலர்)

எதிர்ப்படாமல் இருப்பதற்கு என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்குவோம். கன்னியாவுக்கு அப்பால் காட்டுப் பக்கம், கந்தளாய்ப் பக்கம், சேருவில, வெருகல் பக்கம் எல்லாம் யானை நடமாடும் இடங்கள். இருட்டியபிறகும் விடியும் நேரத்திலும்தான் அவை அதிகம் வெளியே வரும். களப்போரம் போகிறவர்கள் வெயிலுக்கு முன் விடியலிலேயே கிளம்பலாம். காட்டோரம் போகிறவர்கள் நன்றாக வெளிச்சம் வந்தபிறகு கிளம்பி, வெயில் கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை என்று பகலிலேயே திரும்பிவிட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டுத் தடத்தில் வேலை இல்லை.

சைக்கிளுக்குச் சத்தம் இல்லை, அதுதான் ஆபத்து. வளைவில் யானைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்வரை அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பற்றை மூடிய வளைவுகளில் மெதுவாக, பேசிக்கொண்டே போங்கள். ஈரமான இலத்தி, புதிதாக முறிந்த கொப்பு கண்டால் அன்றைக்கு அந்த வழி வேண்டாம். நெல் முற்றுகிற மாசி, பங்குனியில் வயலோரம் இன்னும் கவனம். காவல் குடிலில் இருப்பவரிடம் "ராத்திரி வெடி போட்டீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், விரட்டிய யானை பக்கத்துப் பற்றைக்குள்தான் நிற்கும்.

கண்டுவிட்டால் நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே அமைதியாக விலகுங்கள். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும், மணல் தடத்தில் உங்களால் அதை முந்த முடியாது. தூரம்தான் பாதுகாப்பு. மின்வேலியைத் தாண்டிக் குறுக்கு வழி தேடவும் வேண்டாம்.

மிதிவெடி எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள்தானே? (யாழ்ப்பாணம்)

மக்கள் குடியேறிப் புழங்குகிற இடங்களில் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழைய முகாம், மண் அணை, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் மூச்சு விடாமல் திரும்புங்கள். இரும்புத் துண்டு எதையும் காலால் தட்டிப் பார்க்க வேண்டாம். ஒதுங்கி மூத்திரம் பெய்யவும் தடத்தை விட்டு உள்ளே போகாதீர்கள்.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா?

ஒதுக்குக் காடு என்றால் வேண்டும். பலகை கண்ட இடத்தில் நின்று, வனத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். சோமாவதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் சைக்கிளை நினைக்கவே வேண்டாம். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே போகிற தடங்களே போதும்; பாலை, வீரை, முதிரை மரங்கள் அங்கேயே நிழல் தரும்.

நான் பெண். தனியாகப் போகலாமா அண்ணா? (திருகோணமலை நகரம்)

தங்கச்சி, காட்டோரத்துக்கு ஆணையும் தனியாகப் போகச் சொல்லமாட்டேன். விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், சில இடங்களில் போன் சிக்னலும் கிடைக்காது. நிலாவெளி, உப்புவெளி ஒழுங்கைகளில் காலையில் மீன் ஏற்ற வருகிறவர்கள் நடமாட்டம் இருக்கும். அங்கே ஒரு தோழியோடு தொடங்குங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு பக்கெட் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை சுற்றும்.

களப்போரம் ஓடியபிறகு செயின் இரண்டே நாளில் துருப்பிடித்துவிட்டது. (நிலாவெளி)

உப்புக் காற்றும் உப்புச் சேறும் சேர்ந்த வேலை. அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். எண்ணெயை வழியவிட்டால் மணல் ஒட்டிக்கொண்டு செயின் ஓடும் சக்கரத்தின் பல்லைத் தேய்க்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துளி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சில்லுக் கம்பிகளின் அடியையும் கவனியுங்கள். களப்பிலோ வாய்க்காலிலோ இறங்கிச் சைக்கிள் கழுவ வேண்டாம், முதலை இருக்கிறது. வீட்டுக் கிணற்றடி போதும்.

நாய் துரத்தினால்? (மூதூர்)

மிதித்து ஓடினால் இன்னும் துரத்தும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். அதட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பல் பட்டுவிட்டால், கீறல் சின்னதாக இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.