காகிதத்தில் மட்டும் அவர் ஆப்கானிஸ்தான் போகவில்லை

கேள்வி: மாணவர் விசாவில் அமெரிக்கா வந்த என் கணவர், தமிழ் தெரியும் என்ற தகுதியில், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் வழியாக 2010-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். கல்யாணமாகி ஆறே மாதத்தில், 2012-ல், குவைத் வழியாக ஆப்கானிஸ்தான் அனுப்பினார்கள். ஒன்பது மாதம் அங்கே பக்ராம் தளத்தில் இருந்தார். 2014-ல் வெளியே வந்தபோது கொடுத்த விடுவிப்புச் சான்றான டிடி-214 படிவத்தில் வெளிநாட்டுச் சேவை என்ற கட்டத்தில் வெறும் சைபர். அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. சில வருடங்களாக அவருக்கு ஆஸ்துமா. நிவாரணத்துக்கு முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ.-வில் விண்ணப்பித்தோம். வெளிநாட்டில் பணியாற்றியதை உறுதி செய்ய முடியவில்லை என்று போன மாதம் மறுத்துவிட்டார்கள். "விடு, போனது போகட்டும்" என்கிறார் அவர். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே எழுதிப்போட்டு இதைத் திருத்த முடியுமா?

பதில்: எழுதலாம் சகோதரி, கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். படைவீரர் உயிரோடு, சுயநினைவோடு இருக்கும்வரை அவருடைய ராணுவ ஆவணத்தைக் கேட்கவும் திருத்தவும் அவருக்குத்தான் உரிமை. மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். மற்ற எல்லா வேலையையும் நீங்கள் செய்யலாம். உண்மையில் வேலை என்பதே அந்த மற்றதெல்லாம்தான்.

முதலில் ஒரு சந்தேகம். அவர் முழுநேரப் படையில் இருந்தாரா, தேவைப்படும்போது அழைக்கும் ரிசர்விலா என்று நீங்கள் எழுதவில்லை. மாவ்னியில் இரண்டுக்கும் ஆள் எடுத்தார்கள். ரிசர்வ் என்றால், நீண்ட முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு 214 வரும். பயிற்சிக்காலத்துக்கு ஒன்று, ஆப்கானிஸ்தான் போன காலத்துக்கு வேறொன்று. பயிற்சிக்கால 214-ல் வெளிநாட்டுச் சேவை சைபராக இருப்பது சரிதான்! கையிலிருக்கும் தாளில் 12ஏ, 12பி கட்டங்களைப் பாருங்கள். அந்தத் தாள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பேசுகிறது என்பது அங்கே இருக்கும். அதில் 2012 இல்லையென்றால் திருத்தம் எதுவும் வேண்டாம். இன்னொரு தாள் எங்கோ இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கினால் போதும். படிவம் எஸ்.எஃப்.-180-ஐ நிரப்பியோ இணையம் வழியாகவோ கேட்கலாம், கட்டணம் கிடையாது. 214 வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்கும் இடங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

தேதிகளுக்குள் 2012 இருந்தும் 12எஃப் கட்டம் சைபர் என்றால் அது பிழைதான். 18-வது கட்டமான குறிப்புகளையும் பாருங்கள். "ஆப்கானிஸ்தானில் பணி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று ஒரு வரி அங்கே இருந்திருக்க வேண்டும். 13-வது கட்டத்தில் ஆப்கானிஸ்தான் போர்ப்பணிப் பதக்கம் இருக்கிறதா? பதக்கத்தை எழுதிவிட்டு நாட்டை விட்டுவிடுவதும் உண்டு. அப்படி இருந்தால் அந்தத் தாளே நமக்கு ஒரு சாட்சி.

இப்படி எப்படி விட்டுப்போகும் என்று உங்களுக்கு ஆத்திரமாக இருக்கும். ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ நிரந்தர மாற்றலில் போனால் பணிப்பதிவேட்டில் ஊரே மாறிவிடும். போர்முனைக்குப் போவது பெரும்பாலும் தற்காலிக மாற்றல். பதிவேட்டில் அவர் இன்னும் அமெரிக்காவிலுள்ள தன் முகாமில்தான் இருப்பார். போய்வந்த விவரத்தை ஒரு குமாஸ்தா உட்கார்ந்து தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், விடுவிப்பு நாளில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தயாராகும் 214-லும் விட்டுப்போகும். வெளியே போகும் அவசரத்தில் யார் கட்டம் கட்டமாகப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

சரி, சாட்சிக்கு வருவோம். இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் வீட்டில் முதலில் வெளியே எடுப்பது புகைப்பட ஆல்பத்தை. மணல் மூட்டைக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்கும் படம் உங்களுக்குப் பொக்கிஷம், அலுவலகத்துக்கு அது ஏதோ ஒரு மணல் மூட்டை. நான் கேட்பது வேறு: 2012, 2013 வருமான வரிக் காகிதங்களை எடுங்கள். நம் வீடுகளில் எதைத் தூக்கிப் போட்டாலும் வரிக் காகிதத்தைப் போடமாட்டோம் என்ற தைரியத்தில் சொல்கிறேன். போர்மண்டலத்தில் இருந்த மாதங்களின் சம்பளத்துக்குச் சிப்பாய்களுக்கு வருமான வரி கிடையாது. அதனால் அந்த வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் முதல் கட்டத்தின் தொகை வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். 12-வது கட்டத்தில் 'க்யூ' என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். வரியில்லாப் போர்க்காலச் சம்பளம் என்பதற்கான குறியீடு அது. அவர் போர்மண்டலத்தில் சம்பளம் வாங்கினார் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்த தாள் அது.

அடுத்தது எல்.இ.எஸ். என்கிற மாதச் சம்பளச் சீட்டு. அதில் ஆபத்துப் படி மாதத்துக்கு 225 டாலர்வரை வந்திருக்கும். அப்போது கல்யாணம் ஆகியிருந்ததால் குடும்பத்தைப் பிரிந்திருந்ததற்கு 250 டாலரும் வந்திருக்கலாம். பழைய சீட்டுகள் கையில் இல்லையென்றால் ராணுவச் சம்பளத்தைக் கவனிக்கும் டி.எஃப்.ஏ.எஸ். அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், அனுப்பிய ஆர்டரின் நகல், திரும்பியபின் நிரப்பிய டிடி-2796 என்ற உடல்நலப் படிவம், பயணப்படி கேட்ட தாள், அந்தக் காலத்துப் பணி மதிப்பீடு, பதக்கச் சான்றிதழ் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். இவற்றில் பல அவருடைய முழுப் பணிக்கோப்பிலேயே இருக்கக்கூடும். அதனால் 214-ஐ மட்டும் கேட்காமல் முழுக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கூட இருந்த நண்பர் ஒருவர் சாட்சிக் கடிதம் தருவார் என்றால் நல்லது. ஆனால் "நல்ல மனிதர், நன்றாக உழைத்தார்" என்ற கடிதம் வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த முகாம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை இருவரும் சேர்ந்து இருந்தோம் என்று இருக்க வேண்டும்.

இனி எங்கே அனுப்புவது? பலர் குழம்புவது இங்கேதான். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வி.ஏ. வேறு, ராணுவம் வேறு. வி.ஏ. 214-ஐ வாசிக்கும், திருத்தாது. திருத்த வேண்டியது ராணுவம். வெளிப்படையான விடுபடல் என்றால் கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸிலுள்ள ராணுவ மனிதவளத் தலைமையகத்துக்கு எழுதுங்கள். அங்கே கேட்டும் நடக்கவில்லையென்றால் ராணுவ ஆவணத் திருத்த வாரியம். அதற்கான படிவம் டிடி-149. கீழ்மட்ட அலுவலகத்தில் செய்யக்கூடிய வழியை முதலில் முயன்றுவிட்டு வந்தார்களா என்று வாரியம் பார்க்கும், அதனால் நேரே அங்கே ஓட வேண்டாம். கடற்படைக்கும் மரீன்களுக்கும் ஒரு வாரியம், விமானப்படைக்கு வேறொன்று. உங்களுக்கு அது தேவையில்லை.

படிவத்தில் கதை எழுதாதீர்கள். எந்தக் கட்டம், இப்போது என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், அதற்கு எந்தத் தாள் சாட்சி என்று நாலு வரி போதும். ராணுவம் எழுதியது சரி என்ற அனுமானத்தோடுதான் வாரியம் ஆரம்பிக்கும், தவறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2014-லேயே கையெழுத்துப் போட்டவர் ஆயிற்றே என்று கேட்பார்கள். நியாயம் கருதி அந்தக் காலக்கெடுவைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே தாமதத்தை மறைக்காமல், அன்று கவனிக்கவில்லை, வி.ஏ. மறுத்தபோதுதான் விளங்கியது என்று உள்ளபடி எழுதுங்கள். எல்லாம் நகலாகவே அனுப்புங்கள். அதிகபட்சம் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வாரியத்துக்கு ஒரு விதி இருக்கிறது, அதை நம்பி நாள் எண்ண வேண்டாம். ஒருமுறை மறுத்தாலும், புதிய சாட்சி கிடைத்தால் மறுபடி கேட்கலாம்.

அதுவரை வி.ஏ. கோரிக்கையைத் தூங்கவிடக் கூடாது. இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். திருத்தம் வரட்டும் என்று காத்திருந்து உரிய தேதியைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுப் பணிக்கு 214 மட்டுமே சாட்சி என்று இல்லை, மற்ற ஆவணங்களையும் வி.ஏ. ஏற்கலாம். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள், புதிய சாட்சிகளோடு துணைக் கோரிக்கை போடுங்கள். படிவ எண் 20-0995. ஒரு வருடத்துக்குள் போட்டால், பின்னால் நிவாரணம் கிடைக்கும்போது முதலில் விண்ணப்பித்த நாளை இழக்காமல் இருக்கலாம். நச்சுப் புகை போன்றவற்றுக்கு ஆளான படைவீரர்களுக்காக 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டப்படி, 2001 செப்டம்பர் 11-க்குப் பின் ஆப்கானிஸ்தானில் இருந்தவருக்குப் பணிக்குப்பின் ஆஸ்துமா கண்டறியப்பட்டால், அதற்குக் காரணம் பணிதான் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. குப்பையை எரித்த குழிகளின் புகை போன்றவற்றுக்கு அங்கே இருந்தவர்கள் ஆளானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அங்கே இருந்தார் என்று காட்டினால் போதும், அதனால்தான் அந்த ஒரு கட்டம் இவ்வளவு முக்கியம்.

தனியாகச் செய்ய மலைப்பாக இருந்தால் டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் வி.ஏ. அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்கமாட்டார்கள். கடிதத்துக்குப் பதிலே வராமல் மாதங்கள் ஓடினால் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் சொல்லுங்கள். அங்கும் அவருடைய கையெழுத்தோடு ஒரு ஒப்புதல் படிவம் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: பேனாவை எடுத்து 214-ல் நீங்களே எதையும் எழுதிவிடாதீர்கள், ஓரத்தில்கூட. திருத்தம் வந்தாலும் பெரும்பாலும் பழைய தாளை மாற்றித் தரமாட்டார்கள். டிடி-215 என்று ஒரு திருத்தத் தாள் வரும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள், எங்கே கொடுத்தாலும் சேர்த்தே கொடுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. "போனது போகட்டும்" என்பவரிடம் நியாயம், உரிமை என்று பேசிப் பயனிருக்காது. அந்த ஒன்பது மாதத்தை மறுபடி நினைக்க விருப்பமில்லாமலும் இருக்கலாம், அதைக் கிளற வேண்டாம். காகிதங்களையெல்லாம் நீங்களே அடுக்கி, படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டி, காபியோடு கொண்டுபோய் வையுங்கள். மேலே அந்த 'க்யூ' போட்ட டபிள்யூ-2 இருக்கட்டும்.