ரோமத்துக்கு உள்ளே

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் தென்னாப்பிரிக்காவின் மூயி ரிவர் பக்கம் 5 ஏக்கர் நிலம் வாங்கி மூன்று குதிரைகள் வைத்திருக்கிறோம். இது எங்களுக்கு முதல் குளிர்காலம். காலையில் தொட்டித் தண்ணீர் மேலே பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. ஆனாலும் குதிரைகள் புசுபுசுவென்று கொழுத்துத்தான் தெரிகின்றன. இரவில் ரக் என்கிற குதிரைப் போர்வையைப் போட்டு மூட வேண்டுமா? ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு ஊசி எப்போது போடுவது? அப்பா வேறு, "குதிரையெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு" என்கிறார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலையில்தான் லாயத்தில் ஒரு கிழட்டுக் குதிரையின் விலாவில் கையை வைத்து வெகுநேரம் நின்றிருந்தேன். அதனால் இந்தப் பதிலைத் தள்ளிப்போட முடியவில்லை.

ஊசி விஷயத்தை உங்கள் வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், கேட்டு இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். இரண்டு புட்டி, நடுவில் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி. கோடையில் நோயைப் பரப்பும் பொடிப்பூச்சிகள் பெருகுவதற்கு முன்னால் குதிரையின் உடம்பு தயாராகிவிட வேண்டும். 1854-55இல் கேப் பகுதியில் சுமார் 70,000 குதிரைகளைக் கொண்டுபோன நோய் இது. தொட்டிப் பனிக்கட்டியை விடிந்ததும் உடைத்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ரக் வேண்டாம். முடி கத்தரிக்காத, நோயில்லாத குதிரைக்கு அதன் ரோமமே போதும். குளிரில் ரோமம் சிலிர்த்து நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரக் அதை அமுக்கிவிடுகிறது. இது ஆடி முடிகிற சமயம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்த மேட்டு நிலத்தில் நான் வருஷாவருஷம் பார்க்கிறேன். பெர்க் காற்று மலையிலிருந்து இறங்கினால் மத்தியானமே கோடை மாதிரி கொதிக்கும். ரக்குக்குள் வியர்த்த குதிரை, சாயங்காலம் குளிர் திரும்பும்போது ஈரத்தோடு நிற்கும். அதற்குப் பதிலாக வயிறு நிறையக் காய்ந்த புல் போடுங்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 8, 9 கிலோ. பெருங்குடலில் நார் புளிக்கும்போது உண்டாகும் சூடுதான் அதற்கு அடுப்பு. மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அது போதும்.

சரி, என்னைக் கலங்கவைத்த வரிக்கு வருகிறேன். "கொழுத்துத்தான் தெரிகின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிகின்றனவா? தொட்டுப் பார்த்தீர்களா, தம்பி? ஒரு குதிரையையாவது? ஆகஸ்டில் ஒரு குதிரையைத் தூர நின்று பார்த்து கொழுத்திருக்கிறது என்று சொல்வது, கம்பளிக் கோட்டைப் பார்த்து உள்ளே இருப்பவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்வது போல. பனி விழுந்தபிறகு நம் பக்கத்து வெல்ட் என்கிற மேய்ச்சல் வெளிப் புல்லில் சத்து போய்விடுகிறது. ஜூனிலிருந்து குதிரை கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறது. ரோமம் அதை மறைத்துவிடுகிறது. செப்டம்பரில் ரோமம் உதிர்ந்து எலும்பு தெரியும்போது, ஐயோ ஒரே வாரத்தில் இளைத்துவிட்டதே என்று ஓடி வருகிறார்கள். ஒரே வாரமில்லை, மூன்று மாதம்!

என் தாத்தா ஹாவிக் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் லாயத்தில் குதிரை பார்த்தவர். தினமும் விடிவதற்கு முன்னால், அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு குதிரையின் விலாவையும் முதுகையும் இடுப்பெலும்பையும் இருட்டிலேயே தடவிக்கொண்டு போவார். விளக்கைத் தூக்கிப் பிடிக்கட்டுமா என்று சிறுவனாக ஒருமுறை கேட்டேன். "வேணாம்டா, வெளிச்சத்துல ரோமம்தான் தெரியும்" என்றார். அவரும் கூட வேலை செய்த ஸூலுக்காரரும் அப்படித் தடவித் தடவித்தான் பந்தயக் குதிரைகளை வளர்த்தார்கள். அவற்றில் ஒன்றுகூட அவர்களுடையதில்லை. எந்த இனத்தார் எங்கே நிலம் வாங்கலாம் என்று பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991இல் ஒழிந்தது. அதற்கப்புறம்தான் நான் இந்த நிலத்தை வாங்கினேன். அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. வெள்ளைக்காரன் சமாச்சாரமாம்! உங்கள் அப்பா வயதானவர், அவர் சொல்லலாம். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வந்து, குதிரையின் கழுத்தில் அவர் கையை எடுத்து வையுங்கள்.

அந்தத் தாத்தாவின் பேரன்தான் வள்ளியைச் சாகவிட்டேன். 24 வயதுப் பெட்டை. வயதாகிவிட்டதே என்ற பாசத்தில் ஜூன் மாதமே ரக் போட்டேன். தினமும் காலையில் வார்களைச் சரிசெய்வேன், கழுத்தைத் தட்டிக்கொடுப்பேன், போய்விடுவேன். மாரியம்மன் கோவிலில் கஞ்சி ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, பெர்க் காற்று கொதித்தது. வீட்டுக்கு வந்ததும் ரக்கைக் கழற்றினேன். அப்போதும் ரோமம் அடர்த்தியாகத்தான் இருந்தது. தடவினேன். என் விரல்கள் விலாவுக்கு விலா பள்ளத்தில் விழுந்தன. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோய், மெல்ல முடியாமல் புல்லை உருண்டை உருண்டையாகத் துப்பியிருக்கிறாள். அந்த உருண்டைகளை இரண்டு மாதமாக நானே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். வெட் வந்தார், ஊறவைத்த தீனி கொடுத்தோம், ஆர்வமாகத் தின்றாள். மாதக் கடைசியில் இரண்டு நாள் குளிர்மழை. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றிரவு வெட் செய்ய வேண்டியதைச் செய்தார்.

அதனால் கேளுங்கள். இடது உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து வைத்து, புறங்கை எலும்புகளை வலது விரல்களால் தடவிப் பாருங்கள். ரோமத்துக்குள் விரலை விட்டு விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரி. இப்போது இடது கையை முஷ்டியாக மடக்கி, முட்டிகளைத் தடவுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் குதிரை மெலிந்திருக்கிறது. முதுகெலும்பையும் வால் அடியையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரே கிழமையில் பாருங்கள், எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது பற்களைக் காட்டுங்கள்.

மூன்றுக்கும் வயது என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. இன்று சாயங்காலமே தடவிப் பார்த்துவிட்டு, விலா எப்படி இருந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஏதாவது ஒன்றில் முட்டி தட்டுப்பட்டால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் வெட்டைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்