பட்டா யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு ஒரு வாரம் ஆகிறது. வீட்டுச் செலவு எழுதிவைத்த ஃபைலைத் திறக்க முடிகிறது, திருத்திச் சேமிக்கப் போனால் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது. அனுமதியை மாற்றும் கட்டளையான 'சிஎச்மோட் 777' அடித்தால் சரியாகும் என்கிறான் நண்பன். அடிக்கலாமா? ரூட் பாஸ்வேர்டு எது என்றும் தெரியவில்லை.

பதில்: அடிக்காதீர்கள். முதலில் அந்த ஃபைலின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அது இருக்கும் ஃபோல்டரில் கட்டளைகள் அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ் -எல்' கொடுத்தால் ஃபைலுக்கு ஒரு வரி வரும், அதில் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் பெயர் உரிமையாளர், அடுத்தது குரூப். உங்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ரூட்' என்று, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கின் பெயர், இருக்கும் என்பது என் ஊகம். எங்கோ பார்த்துவிட்டு 'சூடோ நானோ' என்று அடித்து அந்த ஃபைலை உருவாக்கியிருப்பீர்கள். நானோ என்பது எழுதும் கருவி, சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டுவது. சூடோ போட்டு உருவாக்கினால் அது ரூட்டின் சொத்து. 'சூடோ சிஎச்ஓன்' அடித்து, உங்கள் யூசர் பெயரையும் ஃபைல் பெயரையும் கொடுங்கள், பட்டா மாறிவிடும்.

777 என்றால் என்ன? படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். ஆக 644 என்றால் நீங்கள் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்தான். ஃபோல்டருக்கு அந்த 1 உள்ளே நுழைகிற அனுமதி என்பதால் அங்கே 755 என்று பார்ப்பீர்கள். 777 போட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலைப் படிக்கலாம், திருத்தலாம், இயக்கலாம்.

நானும் புதிதில், ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்ற எரிச்சலில், 'யூஎஸ்ஆர்' ஃபோல்டர் முழுக்க 777 போட்டேன். சூடோ என்பதும் அதற்குள் இருக்கும் ஒரு ஃபைல்தான், யார் ஓட்டினாலும் ரூட்டின் அதிகாரத்தில் ஓட அதற்கென்று 'செட்யூஐடி' என்ற தனி அனுமதி உண்டு, 777 அதைத் துடைத்துவிட்டது. அதோடு சூடோ வேலைசெய்ய மறுத்துவிட, சரிசெய்ய நினைத்தாலும் சூடோ வேண்டும்! கடைசியில் மறுபடி இன்ஸ்டால்தான் செய்தேன்.

அப்புறம் ரூட் பாஸ்வேர்டு. உபுண்டுவில் அப்படி ஒன்று வைப்பதே இல்லை, ரூட் கணக்கைப் பூட்டித்தான் தருகிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது உருவாக்கிய முதல் கணக்குக்குச் சூடோ உரிமை உண்டு, அது கேட்பதும் உங்கள் பாஸ்வேர்டைத்தான். பெரும்பாலான பதிப்புகளில் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு போய்விட்டதோ என்று பயப்படாமல் முழுதாக அடித்து என்டர் தட்டுங்கள்.