கேமராவா, செயலியா: பழுது பார்க்கக் கொடுக்கும் முன்

கேள்வி: கைபேசியில் கேமராவைத் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கேமரா பாகத்தையே மாற்ற வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். நம்பிப் பணம் கொடுக்கலாமா?

பதில்: கறுப்புத் திரை என்ற ஒரே அறிகுறியை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. கோளாறு பாகத்திலும் இருக்கலாம், மென்பொருளிலும் இருக்கலாம். எதில் என்பதைக் கருவி எதுவும் இல்லாமல் நீங்களே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் முன்பக்கக் கேமராவுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு, காணொளி அழைப்புக்குப் பயன்படுத்தும் செயலி ஒன்றில் பின்பக்கக் கேமராவைத் திறந்து பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் பாகம் நலமாகவே இருக்கிறது, கேமரா செயலியில்தான் சிக்கல். எந்தச் செயலியிலும் எந்தக் கேமராவும் தெரியவில்லை என்றால், முன்னும் பின்னும் ஒரே நாளில் பழுதாவது அரிது என்பதால், கேமராவைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு நீங்கள் தரும் அனுமதியையோ இயங்குதளத்தையோ சந்தேகிப்பதே முறை. முன்பக்கம் ஒழுங்காக இயங்க, பின்பக்கம் மட்டும் எல்லாச் செயலிகளிலும் கறுப்பாக இருக்கும்போதுதான் பழுதுபார்ப்பவரின் சொல்லுக்கு வலுச் சேர்கிறது. பின்னால் பல லென்ஸ்கள் இருந்தால், ஜூம் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எந்த லென்ஸில் படம் மறைகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, செயலிகளின் பட்டியலுக்குள் தேடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. 2021இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12 முதல், திரையின் மேலிருந்து இழுத்தால் வரும் விரைவு அமைப்புகளில், கேமராவை எல்லாச் செயலிகளுக்கும் ஒரே தொடுதலில் நிறுத்திவைக்கும் பொத்தானையும் வைத்துக்கொள்ளலாம். கை தவறி அதைத் தொட்டுவிட்டு மறந்துபோனால், செயலிகளுக்குக் கிடைப்பது வெற்றுக் கறுப்புப் படம்தான். கேமரா செயலியை மூடிய பிறகும் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால், வேறொரு செயலி அந்த நேரத்தில் கேமராவையோ ஒலிவாங்கியையோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

இவற்றில் விடை கிடைக்கவில்லை என்றால் கைபேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். பிறகு கேமரா செயலியின் கேச் எனப்படும் தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், செயலியின் தரவு முழுவதையும் அழிக்கும் பொத்தான் வேறு வகை. கேமரா செயலியில் அதைத் தொட்டால் நீங்கள் செய்த அமைப்பு மாற்றங்கள் போகும், எடுத்த படங்கள் தனிக் கோப்புறையில் இருப்பதால் போகமாட்டா. ஆனால் அதே பழக்கத்தில் ஓர் உரையாடல் செயலியில் தொட்டால், காப்புப் பிரதி எடுக்காத உரையாடல்கள் திரும்பி வருவதற்கு வழியில்லை. ஆண்ட்ராய்டில் ‘பாதுகாப்பான பயன்முறை’ என்று ஒன்று உண்டு. அதில் நீங்களாக நிறுவிய செயலிகள் இயங்காது. அந்த நிலையில் கேமரா ஒழுங்காக வேலை செய்தால், அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல் ஆக்கும் ஆலை மீட்டமைப்பை, படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்த பிறகு, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாகம்தான் பழுது என்று தெரிந்தால், நல்ல நிலையில் உள்ள மாற்றுப் பாகத்தை இணைத்துப் படம் வருவதைக் காட்டிய பிறகே பணம் தருவதாகச் சொல்லிவிடுங்கள். கைபேசியைப் பிரிக்கும்போதே கேமராவைப் பலகையோடு இணைக்கும் நாடா போன்ற கம்பியின் இணைப்பைக் கழற்றி மாட்டிப் பார்க்கும்படியும் கேளுங்கள். கீழே விழுந்த கைபேசிகளில் அந்த இணைப்பு தளர்ந்திருப்பதும் உண்டு. ஐபோன் 12 முதலான மாதிரிகளில், மாற்றப்பட்ட கேமரா அசலா இல்லையா என்பதை அமைப்புகளில் உள்ள ‘அறிமுகம்’ பகுதியே காட்டிவிடும். பழைய ஐபோன் வாங்குகிறவர்களும் பணம் தரும் முன் பார்க்க வேண்டிய இடம் அது.

கேள்வி: புதிய கைபேசி வாங்கினேன். பழையதைவிட விலை அதிகம், ஆனால் ரசீதையோ மாத்திரை அட்டையையோ பக்கத்தில் வைத்து எடுத்தால் எழுத்து மங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விலை உயர்ந்த கைபேசிகளின் முதன்மைக் கேமராவில், ஒளியைப் படமாக மாற்றும் ஒளியுணரி (சென்சார்) பெரியதாக இருக்கும். குறைந்த வெளிச்சத்தில் நல்ல படம் தரும் அந்த அமைப்பால், மிக அருகில் உள்ள பொருளைக் குவித்துக் காட்ட இயலாமல் போகிறது. கைபேசியைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக வந்தால் குறை ஏதும் இல்லை. எட்டத்தில் உள்ளதும் மங்கினால் முதலில் லென்ஸின் மேல் படிந்த விரல் எண்ணெயை மென்மையான துணியால் துடையுங்கள், ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியையும் அகற்றிப் பாருங்கள். அதன் பிறகும் மங்கினால் திருப்பித் தருவதற்கான கெடு முடியும் முன் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நெருங்கி எடுப்பது முக்கியம் என்றால், வாங்கும் முன் மிகை அகலக் கோண (அல்ட்ரா வைட்) லென்ஸுக்குத் தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) இருக்கிறதா என்று கேளுங்கள். விவரப் பட்டியலை நீட்டுவதற்காகச் சேர்க்கப்படும் மிக அருகில் எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ கேமராவுக்காக ஒரு காசும் கூடுதலாகத் தர நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: நேற்றிலிருந்து தொடர்பே இல்லாத பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொள்கின்றன. கைபேசியை மாற்ற வேண்டுமா?

பதில்: ஒரு செயலி மட்டும் மூடிக்கொண்டால் குற்றம் அந்தச் செயலியுடையது, பல செயலிகள் ஒன்றாக விழுந்தால் அவை பொதுவாகச் சார்ந்திருக்கும் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது. 2021 மார்ச்சில் பல நாடுகளில் ஆண்ட்ராய்டு செயலிகள் இப்படித்தான் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘வெப்வியூ’ என்ற உள் பாகத்தில்தான் கோளாறு. கூகுள் புதிய பதிப்பை வெளியிட்ட பின் அது சரியாயிற்று. ஆகவே பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் புதுப்பியுங்கள், சேமிப்பிடம் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடமே இல்லாத கைபேசியில் செயலிகள் தங்கள் தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாமல் நின்றுவிடும். நீக்கிய படங்கள் குப்பைப் பகுதியில் பல நாட்கள் தங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால் அதையும் காலி செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குள் காணொளி எடுத்தால் குறுக்கே கோடுகள் ஓடுகின்றன.

பதில்: கேமராவில் பழுது இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல்தான் கோடாகப் பதிகிறது. அமைப்புகளில் மினுக்கல் தடுப்பு இருந்தால் உங்கள் மின்சாரத்துக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கையை அசைக்காமல் பிடித்தாலும் படம் தானே நடுங்குகிறது. வழி பார்ப்பதற்காகக் கைபேசியை மோட்டார் சைக்கிளில் மாட்டி ஓட்டுவதுண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். கை நடுக்கத்தை ஈடுசெய்வதற்காக லென்ஸையோ ஒளியுணரியையோ காந்தத்தின் உதவியால் நுண்ணிய அளவில் அசைக்கும் அமைப்பு பல கைபேசிகளில் உண்டு. அதிகத் திறனுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு அந்த அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. காந்தம் வைத்த உறையும் பிடிப்பானும் இதே இடையூறைச் செய்யக்கூடும்; எனவே முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். நடுக்கம் நின்றால் உறையை மாற்றினால் போதும். நிற்கவில்லை என்றால், குறிப்பாக ரீங்கார ஒலியும் சேர்ந்து வந்தால், அந்தக் கேமரா பாகத்தை மாற்றத்தான் வேண்டியிருக்கும். உத்தரவாதக் காலம் மீதம் இருந்தால் நேராக நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் செல்லுங்கள், வெளியில் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.