திங்கட்கிழமை உங்கள் மகள் எங்கே இருந்தாள்?

கேள்வி: என் மகள் கோவை அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வயது 19. ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை வயிற்றுவலி என்று கல்லூரி கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார். செவ்வாயும் புதனும் அதே மாத்திரை, கூடவே காய்ச்சலுக்கு பாராசிட்டமால். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் டாக்டரை மூன்று நாளும் பார்க்க முடியவில்லை. 'பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள்' என்றார் வார்டன். வியாழன் விடியற்காலை தோழிகள்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்துவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். செலவு 1,84,000 ரூபாய். அட்டெண்டன்ஸ் குறைந்ததால் ஊர் டாக்டரிடம் திங்கள் முதல் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்தோம். முதல்வர் எங்களைப் பார்க்கவே மறுக்கிறார். இவர்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டு, 50 லட்சம் நஷ்டஈடு வாங்க வேண்டும். வழி சொல்லுங்கள். (தர்மபுரி மாவட்ட வாசகர்)

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். மகள் பிழைத்துவிட்டாள், அதுதான் பெரிது. வார்டன் பேசிய பேச்சும், முதல்வர் உங்களை இரண்டு மணி நேரம் வெளியே உட்காரவைத்ததும் எவ்வளவு வலிக்கும் என்று புரிகிறது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. அவற்றை விட்டுவிடுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உங்கள் மகள் அந்த கிளினிக்குக்குப் போனாள், டாக்டர் பார்க்காமல் நர்ஸே மருந்து கொடுத்து அனுப்பினார் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

டாக்டர் பார்த்து, குடல்வால் என்று கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் உங்கள் கட்சி பலவீனம். குடல்வால் வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வரும், பிறகுதான் வலப்பக்கம் கீழே இறங்கும். முதல் நாள் அதை கேஸ் என்று நினைப்பது கணிப்புப் பிழை. அதையே கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்ற வழக்கு என்றால் மிக மோசமான கவனக்குறைவு வேண்டும், அதற்கு முன் அரசு டாக்டர் போன்ற ஒருவரின் சுதந்திரமான கருத்தும் வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். எஃப்.ஐ.ஆர். எண்ணத்தை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு அலைந்து ஆறு மாதம் போய்விடும்.

மூன்று நாளும் டாக்டர் பார்க்கவே இல்லை, காய்ச்சல் ஏறியும் மேல் சிகிச்சைக்கு அனுப்பவில்லை என்றால் கதை வேறு. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், நர்ஸ் போட்ட தவறான ஊசிக்கு நிர்வாகமே பொறுப்பு என்றும், சிகிச்சை பெற்ற குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோர்தான் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஊர் டாக்டரிடம் திங்கள் முதல் வாங்கிய சர்டிஃபிகேட். கடிதத்தில் அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

அந்தச் சர்டிஃபிகேட் என்ன சொல்கிறது? திங்கட்கிழமையிலிருந்து உங்கள் மகள் தர்மபுரியில் ஒரு டாக்டரின் சிகிச்சையில் இருந்தாள் என்கிறது. உங்கள் புகார் என்ன சொல்லப்போகிறது? அதே திங்கட்கிழமை கோவையில் கல்லூரி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று. இரண்டையும் கொடுத்தவர் நீங்கள்தான். ஒன்று பொய் என்றால் மற்றதை நீதிபதி ஏன் நம்ப வேண்டும்?

இதில் சிக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலையில் ஒரு பையன், ஏறக்குறைய இதே கதை. அப்பா உண்மையானவர், பையன் பட்ட பாடும் உண்மை. குறுக்கு விசாரணையில் கல்லூரி வக்கீல் சத்தமே போடவில்லை. அட்டெண்டன்ஸ் குறைவை மன்னிக்கச் சொல்லிக் கொடுத்த கண்டோனேஷன் விண்ணப்பத்தையும் புகார் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இரண்டிலும் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?' என்று மட்டும் கேட்டார். அவர் 'ஆமாம்' என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நடந்ததெல்லாம் வெறும் வாய்தா. ஹாஸ்டல் அவுட்பாஸும் இப்படித்தான் காலை வாரும். உடம்பு சரியில்லை என்று எழுதினால் வார்டன் கையெழுத்து கிடைக்காது என்று பிள்ளைகள் 'வீட்டில் விசேஷம்' என்று எழுதிவிட்டு வருவார்கள். வியாழன் விடியற்காலை உங்கள் மகள் வெளியே போனபோது கேட் நோட்டில் என்ன காரணம் எழுதப்பட்டது என்று இன்றே அவளிடம் கேளுங்கள்.

சர்டிஃபிகேட் கொடுத்த டாக்டரையும் நினைத்துப் பாருங்கள். பொய்ச் சான்று கொடுத்தால் மருத்துவக் கவுன்சில் பதிவிலிருந்தே பெயரை எடுக்கலாம். உங்களுக்கு உதவி செய்யப்போய் அவர் பிழைப்பு போய்விடக்கூடாது.

அந்தச் சர்டிஃபிகேட்டைத் திரும்பப் பெறுங்கள். எதிர்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே செய்தால்தான் அதற்கு மதிப்பு. வாசகத்தை வக்கீல் ஒருவர் எழுதட்டும், நீங்களாக எழுதி அனுப்ப வேண்டாம். வியாழனுக்குப் பிந்தைய நாட்களுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியே போதும். முந்தைய மூன்று நாளுக்கு மருத்துவ ஆதாரம் கல்லூரியிடமே இருக்கிறது. அவர்கள் கிளினிக்கின் ஓ.பி. (வெளிநோயாளி) நோட்டுதான் அது. உங்கள் மகள் மேஜர். அவள் பெயரில், அவள் கையெழுத்தில் அந்தப் பதிவின் நகலைக் கேட்டுப் பதிவுத் தபால் போகட்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவு தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தராமல் இழுத்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம். மருத்துவமனை கேஷுவாலிட்டியில் முதலில் எழுதிய குறிப்பையும் வாங்குங்கள். 'மூன்று நாளாக வயிற்றுவலி, கல்லூரியில் மாத்திரை சாப்பிட்டார்' என்று ஒரு வரி இருந்தால் அது தங்கம். வழக்கு நினைப்பே இல்லாத நேரத்தில் எழுதப்பட்டது அல்லவா?

கண்டோனேஷன் போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். போகலாம், மறைக்க மாட்டேன். அட்டெண்டன்ஸா, வழக்கா என்று நீங்களும் மகளும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். சர்டிஃபிகேட் அப்படியே இருக்கட்டும் என்றால் வழக்கை மறந்துவிடுங்கள்.

50 லட்சம் என்கிறீர்கள். சிவில் கோர்ட்டுக்குப் போனால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். ஒன்றரை லட்சத்தை முதலிலேயே கட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் செலவில்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். ஆனால் கல்லூரி இரண்டு ஆட்சேபணையோடு வரும். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-இல் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம் சொன்னதைக் காட்டும். எல்லாருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை 'சேவை' ஆகாது என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டும். கட்டண ரசீதைத் தேடி எடுங்கள். அதில் 'மருத்துவக் கட்டணம்' என்று தனி வரி இருந்தால், 500 ரூபாயாக இருந்தாலும், இலவசம் என்ற வாதம் அடிபடும். முதல் ஆட்சேபணையோடு மல்லுக்கட்டித்தான் ஆகவேண்டும்.

ஆகவே என் யோசனை சமரசம்தான். ஓ.பி. பதிவு கைக்கு வந்ததும் ஒரே ஒரு வக்கீல் நோட்டீஸ். அதில் மருத்துவமனை பில், மகள் எழுதமுடியாமல் போன பரீட்சைகளுக்கான கட்டணம், அவளுடைய வலிக்கும் வேதனைக்கும் ஒரு நியாயமான தொகை, இவ்வளவே கேளுங்கள். கல்லூரி மாணவர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பணம் கல்லூரிக் கையிலிருந்து போகாது, பேச்சும் சுலபமாகும். அதுவரை வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ கல்லூரி பெயர் போட்டு எதுவும் எழுதக்கூடாது, மகளின் தோழிகளும்தான். அவதூறு வழக்கு ஒன்று வந்தால் பேரம் தலைகீழாகிவிடும்.

பேசி முடிந்தால் கல்லூரி ஒரு தாளை நீட்டும். 'பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல்' தொகை தருகிறோம் என்று இருந்தால் பரவாயில்லை, கையெழுத்துப் போடலாம். 'கிளினிக்கில் முறையான சிகிச்சை அளிக்கப்பட்டது' என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்து. கையெழுத்துப் போட வேண்டியவள் உங்கள் மகள். டிமாண்ட் டிராஃப்ட் எண்ணும் தேதியும் அந்தத் தாளிலேயே இருக்கவேண்டும். 'அடுத்த வாரம் அக்கவுண்டில் போடுகிறோம்' என்றால், அடுத்த வாரமே வந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.