மெயின் பேலன்ஸைத் தின்றது யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீசார்ஜ் புலம்பல்தான். சினிமா, அரசியல் கேள்விக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த மகன் தன் பழைய ஐபோனைக் கொடுத்துவிட்டுப் போனான். சிம்மைப் போட்ட அன்றே மெயின் பேலன்ஸில் ஐந்து ரூபாய் காணோம். கழற்றி மாட்டினேன், இன்னொரு ஐந்து போச்சு. நான் யாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பவே இல்லையே!
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: நீங்கள் அனுப்பவில்லை, போன் அனுப்பியது. ஐபோனுக்கே உரிய மெசேஜ், வீடியோ கால் வசதிகளான ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டும் வேலை செய்ய, எண் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும். அதற்காகப் போனே சத்தமில்லாமல் பிரிட்டன் எண் ஒன்றுக்கு எஸ்எம்எஸ் தட்டிவிடும். மெசேஜ் பெட்டியில் தேடினாலும் அகப்படாது. வெளிநாட்டு எஸ்எம்எஸ் என்பதால் உங்கள் பேக்கில் உள்ள 'தினம் 100 எஸ்எம்எஸ்' இதற்குச் செல்லாது, மெயின் பேலன்ஸில்தான் கை வைக்கும். 'கட்டணம் பிடிக்கப்படலாம்' என்று திரையில் ஒரு வரி வந்திருக்கும். நாம் எதைத்தான் படித்தோம், ஓகே அழுத்தியிருப்போம். வாட்ஸ்அப்பே போதும் என்றால் செட்டிங்ஸில் அந்த இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

யுபிஐ ஆப்களிலும் இதே கதை உண்டு. புதுப் போனில் ஆப்பைப் போட்டதும் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும். உள்நாட்டுக் கட்டணம்தான், ஆனால் மலிவான பேக்குகள் சிலவற்றில் எஸ்எம்எஸ்ஸே கிடையாது, பேலன்ஸும் பூஜ்யம் என்றால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் பேங்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம். பத்து ரூபாய் டாப்-அப் போட்டுப் பாருங்கள். (பத்து போட்டால் ஏழு ரூபாய் சொச்சம்தான் ஏறும், அது தனிப் புலம்பல்.)

கேள்வி: அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் ஜோசியம், காலர் ட்யூன் என்று எதற்கெல்லாமோ காசு பிடிக்கிறார்கள். கேட்டால் 'நீங்களே ஆக்டிவேட் செய்திருக்கிறீர்கள்' என்கிறார்கள்.
– வாசகர், தேனி

பதில்: திரையில் திடீரென்று குதிக்கும் விளம்பரத்தை மூடுவதாக நினைத்து அப்பா ஓகே அழுத்தியிருப்பார். தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஆணையமான டிராய் 2013-லேயே இதற்குக் கடிவாளம் போட்டது: இப்படிப்பட்ட சேவைக்கு வாடிக்கையாளர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். நிறுத்துவதற்கு 155223 என்ற பொது எண், கட்டணம் கிடையாது. காசு பிடித்த அன்றே, 24 மணி நேரத்துக்குள் புகார் சொன்னால் திரும்பக் கேட்கலாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இழுபறிதான். அப்புறம், அப்பா போனிலிருந்து START 0 என்று 1909-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுங்கள், விளம்பரத் தொல்லையும் குறையும்.

இன்னொன்று, பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா பேக்? 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுப்படி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மாதத்துக்கு 28 நாள் என்று கண்டுபிடித்தது யார்?
– வாசகர், சிவகாசி

பதில்: கணக்குத் தெரிந்தவர்! 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ் பதின்மூன்றாகிவிட்டது. 30 நாள் பேக்கும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவு வந்துவிட்டது. தேடினால் கிடைக்கும்.

கேள்வி: தினம் 1.5 ஜிபி. மதியத்துக்குள் காலி. நான் படம்கூடப் பார்ப்பதில்லை.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: குடும்ப குரூப்பில் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ வீடியோக்களைத் தானாக இறக்குவது யார்? உங்கள் வாட்ஸ்அப். ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்துங்கள், போட்டோ பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் விடுங்கள். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தீர்ந்த பிறகு 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஓடும் என்பார்களே, அது நொடிக்கு வெறும் 8 கிலோபைட். ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிடம்.

கேள்வி: போஸ்ட்பெய்டு பில் திடீரென்று பல மடங்கு வந்திருக்கிறது. கோர்ட்டுக்கெல்லாம் போக முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியும். அகமதாபாத்காரர் ஒருவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் பில். 2013 நவம்பர்–டிசம்பர் பில் மட்டும் 24,609 ரூபாய் 51 பைசா! நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 'டெலிபோன் தகராறு இங்கே வராது' என்று கம்பெனி வாதாடியது, 2009-இல் அப்படி ஒரு தீர்ப்பும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் முடிவானது. கவனியுங்கள், விசாரிக்கலாமா கூடாதா என்பதற்கே எட்டு வருஷம். அதனால் முதலில் உங்கள் நிறுவனத்தின் 198-ஐ அழைத்துப் புகார் கொடுத்து புகார் எண்ணை வாங்குங்கள், பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் மன்றம்.

கேள்வி: தனுஷ்கோடியில் நின்றபோது போனுக்கு 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் வந்தது. காசு போகுமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: நடுவில் தடையில்லாத கடல், அந்தக் கரை டவர் சிக்னல் இங்கே எட்டிப் பார்க்கிறது. டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் நம் ஊர் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டால் பயமில்லை. ரோமிங் ஆன் செய்தபடி அங்கே நின்று ரீல்ஸ் போட்டீர்களானால், அடுத்த வாரம் இதே பகுதிக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.